எழுத்துக்காகக் குழந்தையா?

எழுத்தைக் கற்றுத் தருகிறவனை இறைவனுக்கு நிகராக வைத்தனர் நம் முன்னோர். ஆசிரியருக்குப் பெருமை தரவேண்டும் என்ற நல்லெண்ணத்தால் சொன்னது அது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் இந்த நாட்டிலே ஒருவரை இறைவனாக்கிவிட்டால், அடுத்து நடைபெறும் ஏற்பாடுகள் யாவை என்பதை நாம் அறிவோம். இறைவன் என்றால் கையிலே ஆயுதம் வேண்டும். ஒருவருக்கு வேல், ஒருவருக்குச் சூலம், ஒருவருக்குச் சக்கரம் — வாத்தியாருக்குப் பிரம்பு வந்து சேர்ந்தது! இறைவன் என்றால் காணிக்கை வேண்டும், வந்தது. இறைவனை எதிர்த்து ஏன் என்று கேட்கக் கூடாது. அந்தச் சட்டமும் வந்தது. மிச்சம் இருந்தது பூசாரி வேலை. அதைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டனர்.

ஐந்து வயதுச் சிறுவனைக் கைப்பிடித்து இழுத்து வந்து, திண்ணையிலே உட்கார வைத்து, "கண் இரண்டை மட்டும் விட்டுவிடுங்கள், வாத்தியாரய்யா! தோலை உரித்துவிடுங்கள்!" என்று சொல்லிவிட்டுப் போனானே தகப்பன், அவன் பிள்ளையின் பகைவனா? அல்லன். அன்புள்ளவன். தான் கைநாட்டாகவே காலம் கழித்தாலும் தன் மகன் நான்கு எழுத்துப் படித்து நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று ஏங்கியவன். அந்த அன்பு எப்படி அந்த வாசகத்தைப் பேசிற்று? பிள்ளையின் தோலைவிட எழுத்து பெரிது என்று அவனுக்கு யார் சொல்லி வைத்தார்கள்?

நாட்டு நிலையும் உலக நடப்பும் பேச வேண்டிய ஏட்டிலே அ, ஆ, இ, ஈ பற்றி எழுதுவதா என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். சிறுகுழந்தை எழுதப் பழகுவது நகைப்புக்கு நிறைய இடந்தரும் செய்திதான். அந்த நகைப்புக்கு அடியிலே ஓர் அறக்கேள்வி படுத்துக் கிடக்கிறது. எழுத்துக்காகக் குழந்தையா, குழந்தைக்காக எழுத்தா? இதற்கு விடை சொல்லாமல் சமுதாயத்தைச் சீர்திருத்தக் கிளம்புவது, அடித்தளத்தைப் பாராமல் மாடிக்கு வண்ணம் தீட்டுவதாகும்.

முதல் வகுப்பிலே ஒரு நாழிகை உட்கார்ந்து பாருங்கள். எந்த நகைச்சுவை நாடகமும் அதற்கு ஈடாகாது. பல்பம் எங்கே என்று கேட்டால் ஒரு சிறுவன் விழிப்பான்; உதட்டோரத்து வெள்ளைப் பொடி விடை சொல்லும் — தின்றுவிட்டான்! மூன்று சுழி ணகரம் எழுதச் சொன்னால் ஐந்து சுழி போட்டுவிட்டு, "இன்னும் இடம் இருந்தது சார்" என்பான் அடுத்தவன். தன் பெயரின் முதலெழுத்தைச் சிலேட்டு முழுவதும் எழுதி முடித்த சிறுமி, மீதிப் பெயருக்குப் பக்கத்துச் சிறுமியின் சிலேட்டைக் கடன் கேட்பாள். எழுதியதை எச்சில் தொட்டு அழிப்பார்கள். அழித்ததைக் கோவை இலை கொண்டு தேய்ப்பார்கள். தேய்த்த களைப்பிலே எழுத வேண்டியதை மறந்துவிடுவார்கள். வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்வார். நமக்குச் சிரிப்பு வரும். அவருக்கு அழுகை வரும்.

சிரிப்போம். ஆனால் சிரித்த பிறகு, பகுத்தறிவாளருக்கு உரிய வேலையைச் செய்வோம். ஏன் அப்படி எழுதினான் என்று கேட்போம்.

'கெண்டை' என்று எழுதச் சொல்கிறார் ஆசிரியர். சிறுவன் ககரத்தை முதலில் எழுதி, கொம்பை அதற்குப் பின்னே நடுகிறான். தவறுதான். ஆனால் அவன் காதிலே எது முதலில் விழுந்தது? ககர மெய் முதலில், எகரம் அதன் பின்னே. கேட்ட வரிசையிலே எழுதினான். கேட்பது ஒரு வரிசை, எழுதுவது வேறொரு வரிசை என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஒகரம் வந்தாலோ, ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு காவற்காரர்! அவன் திகைக்காமல் என் செய்வான்?

இன்னொருவன் டகரத்தை இடவலமாகத் திருப்பி எழுதுகிறான். மூன்று என்னும் எண்ணை முதுகு காட்டி நிற்க வைக்கிறான். கண் தெரியவில்லையா என்று அதட்டுகிறோம். கண் நன்றாகத் தெரிவதனால் வந்த தொல்லை அது! பிறந்த நாள் முதல் அந்தக் குழந்தை கண்ட உலகத்திலே, வலப்பக்கம் காதிருந்தாலும் குவளை குவளைதான். இடப்பக்கம் காதிருந்தாலும் குவளை குவளைதான். தெற்கு நோக்கி நின்றாலும் மாடு மாடுதான். வடக்கு நோக்கித் திரும்பினாலும் அதே மாடுதான். பொருள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பொருள் மாறாது என்பதைக் கற்றுக்கொண்டதே குழந்தை மூளையின் முதல் வெற்றி. அந்த வெற்றியோடு பள்ளிக்கு வருகிறான். இங்கே எழுத்து என்னும் விந்தைப் பொருள் மட்டும் திரும்பினால் தவறாகிவிடுகிறது. மூளை பற்றி ஆராய்ந்த அறிஞர் பலரும் இன்று சொல்வது இதுதான்: தொடக்கப் பருவத்திலே எழுத்தைத் திருப்பிப் போடுவது மந்தத்தின் அறிகுறி அன்று, கற்றதைப் புதிய இடத்தில் பொருத்திப் பார்க்கும் அறிவின் வேலை.

இடக்கையால் எழுதும் குழந்தையின் பாடோ சொல்லுந்தரமன்று. அந்தக் கையைத் தட்டிவிடுகிறோம், அடிக்கிறோம், அது தீட்டுக் கை என்கிறோம். இரு கையும் ஒரே இரத்தத்தால் வளர்ந்தவை. ஒன்றைத் தூய்மை என்றும் ஒன்றைத் தீட்டு என்றும் பிரித்தது எது? மனிதரை அப்படிப் பிரித்த அதே புத்திதான். ஊரிலே செய்ததை உடலிலும் செய்துவிட்டது!

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலக்கையால் எழுதுகிறவர் இப்போதே எழுதுகோலை இடக்கையிலே பிடித்து, உங்கள் பெயரை ஒரு கோட்டின்மேல் பத்து முறை எழுதிப் பாருங்கள். எழுத்து நடுங்கும். கோடு கிழக்கே போகும், எழுத்து மேற்கே போகும். விரல் வலிக்கும், நாக்கு வெளியே நீளும். மூன்றாம் முறையிலே சலிப்பு, ஐந்தாம் முறையிலே சினம். அந்த நேரத்திலே ஒருவர் பின்னே வந்து நின்று பிரம்பை ஓங்கினால் எழுத்து அழகாகிவிடுமா? நன்கு முற்றிய எலும்பும் பழகிய அறிவும் உள்ள உங்கள் பாடு இதுவானால், மணிக்கட்டின் எலும்புகளே இன்னும் முழுதாக உருவாகாத ஐந்து வயதுக் குழந்தையின் பாடு என்ன?

இதைப் பட்டு அறிந்த ஒருவர் நம் பக்கத்து ஊரிலே இருந்தார். சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் கடந்து சென்றால் தரங்கம்பாடி. அங்கே 1706-இல் வந்திறங்கினார் செர்மானியரான சீகன்பால்கு. மதம் பரப்ப வந்தவர். அந்த வேலை நமக்கு உடன்பாடன்று. ஆனால் தமிழ் கற்க அவர் செய்தது கவனிக்கத்தக்கது. முதிய ஆசிரியர் ஒருவரின் பள்ளியைத் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, சிறு பிள்ளைகளின் நடுவே தாமும் சம்மணமிட்டு உட்கார்ந்து, மணலிலே விரலால் எழுதி எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. பல்கலைக் கழகம் பார்த்த வெள்ளைக்காரர் மணலிலே தடுமாறுவதைக் கண்டு அந்தப் பிள்ளைகள் எவ்வளவு சிரித்திருப்பார்கள்! அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு கற்றவர், 1715-இல் ஒரு முழு நூலையே தமிழில் அச்சேற்றி முடித்தார். எழுதக் கற்பிக்க வரும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அந்த மணலில் உட்கார்ந்து எழுந்தால், பிரம்புகளெல்லாம் தாமாகவே அடுப்புக்குப் போய்விடும்.

தவறு எப்போதும் குழந்தையிடந்தானா? எழுத்திலே குறையே கிடையாதா? இதையும் நேர்மையோடு கேட்க வேண்டும்.

தமிழெழுத்து இருநூற்று நாற்பத்தேழு என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஙகர வரிசையை முழுவதும் எழுத வைக்கிறோம். "ஙூ என்ற எழுத்தை வைத்து ஒரு சொல் சொல்லுங்கள் சார்" என்று ஒரு சிறுமி கேட்டால் என்ன விடை? 'அங்ஙனம், இங்ஙனம்' என்று இரண்டொரு சொல் சொல்லி ஙகரத்தைக் காப்பாற்றலாம். ஙூவைக் காப்பாற்ற எந்தப் புலவராலும் ஆகாது. சொல்லே இல்லாத எழுத்துக்காகத் தோப்புக்கரணம் போட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! உகர வரிசையைப் பாருங்கள். குகரம் ஒரு வகையாய் வளையும், சுகரம் வேறு வகையாய்க் கீழே இறங்கும், துகரம் மூன்றாம் வகையாய்ச் சுழித்துக்கொள்ளும். ஒரே ஒலிக்கு ஏன் இத்தனை கோலம் என்று கேட்கும் குழந்தைக்கு, "அப்படித்தான், எழுது!" என்பதைத் தவிர நாம் சொல்லும் மறுமொழி என்ன?

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று நாற்பதாண்டுகளுக்குமேல் நடந்தது. கா, சா, தா, பா — உயிர்மெய்க்குப் பக்கத்திலே கால் போட்டால் ஆகாரம் என்று சொல்லிக்கொடுத்தனர் ஆசிரியர். கேட்ட குழந்தை ணகரத்துக்கும் றகரத்துக்கும் னகரத்துக்கும் அதே காலைப் போட்டால், தவறு! அவற்றுக்குத் தனியாகச் சுழித்த வடிவம் இருந்தது. கை, சை, தை என்று இணைக்கொம்பு பழகிய குழந்தை, அதே கொம்பை ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் போட்டால், தவறு! அந்த நான்குக்கு யானைத் துதிக்கை போல முன்னே வளைந்த வேறொரு வடிவம். விதியைச் சொன்னவர் ஆசிரியர். விதிப்படி எழுதியவன் மாணவன். குட்டு வாங்கியவனும் மாணவன்!

ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை என்னும் பதின்மூன்று எழுத்துகளும் ஏனைய எழுத்துகளைப் போலவே அமையட்டும், கற்பதற்கும் அச்சுக் கோப்பதற்கும் எளிதாகும் என்று கூறி, 1935-இல் 'குடி அரசு' ஏட்டிலே பெரியார் அப்படியே அச்சிட்டுக் காட்டினார். கேலி செய்தவர் உண்டு. தமிழ் அழிந்தது என்று ஓலமிட்டவரும் உண்டு. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1978-இல் எம்.ஜி.ஆர். தலைமையிலிருந்த தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அனைத்தும் அந்த வடிவத்திலேதான் வருகின்றன. 1978-க்கு முன்னே அப்படி எழுதிய குழந்தை அடி வாங்கிற்று. 1978-க்குப் பின்னே அப்படி எழுதாத குழந்தைக்கு மதிப்பெண் குறைந்தது. எழுத்து மாறிற்றே தவிர, முன்னே விழுந்த அடிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர் உண்டா? அரசாணை எழுத்தைத் திருத்தலாம். அழுத குழந்தையின் அந்த மாலைப்பொழுதைத் திருத்த முடியாது. நாளைக்குச் சரியென்று ஆகக்கூடிய ஒன்றுக்காக இன்றைக்கு ஒரு பிஞ்சுக் கையை வீங்க வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

"எழுத்து தெய்வீகமானது, முன்னோர் கொடுத்தது, குழந்தையின் வசதிக்காக அதிலே கை வைக்கலாமா?" என்பார் உண்டு. அவர்களைச் சிதம்பரத்துக்கு அழைத்துச் செல்வோம். கோயிலுக்கா என்று வியக்க வேண்டாம், கோயில் சுவருக்கு! சோழர் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. தமிழ்தான். முன்னோர் கொடுத்ததுதான். பட்டம் பெற்ற தமிழர் ஒருவரை நிறுத்தி, சரளமாக வாசியுங்கள் என்று கேட்போம். கல்வெட்டுப் பயிற்சி இல்லாதவரானால் முதல் வகுப்புச் சிறுவனைப் போலவே எழுத்துக்கூட்டித் தடுமாறுவார். எழுத்து மாறியிருக்கிறது என்பதற்குக் கருங்கல்லைவிட உறுதியான சான்று வேண்டுமா? எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் இன்று நாம் கைக்கொள்ளும் வேறுபாட்டை வகுத்துக் கொடுத்தவர், 1747-இல் மறைந்த வீரமாமுனிவர், பிறப்பால் இத்தாலியர்! எழுத்து மாறியது, தமிழ் வாழ்கிறது. மாறியதனாலேயே வாழ்கிறது.

மாறாமல், எவர் கையும் படாமல் எழுத்தைக் காத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஊரிலே ஒரு கதை உண்டு. நாம் கட்டிய கதை அன்று. சைவப் பெரியோர் தாமே வழங்கும் கதை. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையிலே பூட்டி வைக்கப்பட்டிருந்தனவாம். பாடிய மூவரும் நேரில் வந்தாலொழியக் கதவு திறவாது என்றனராம் காவலாய் இருந்தோர். மன்னன் மூவர் சிலைகளையும் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறக்கச் செய்தபோது, ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்ததாம். எஞ்சியதே இன்று கிடைப்பதாம். கதையின் மற்றப் பகுதியை நம்புவோர் நம்பட்டும். பூட்டி வைத்த எழுத்தைக் கரையான் தின்னும் என்பதை மட்டும் நாமும் நம்புகிறோம்! குழந்தையின் கையிலே போகும் எழுத்து கோணலாகும், எச்சில்படும், அழியும், மறுபடி எழுதப்படும். ஆனால் சாகாது.

இத்தனையும் எதற்காகச் சொல்கிறோம்? எழுத்து ஓர் அணிகலன் என்றால் இத்தனை கவலை வேண்டியதில்லை. எழுத்து ஓர் அதிகாரம். கடலூர் மண்ணே அதற்குச் சான்று. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிற்று கிழக்கிந்தியக் கும்பினி. பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தொலைவுவரை உள்ள நிலமும் கும்பினிக்கே என்பது பேரம். குண்டு விழுந்த எல்லைக்குள் சிக்கிய ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வழங்கிற்று. சுட்டவன் ஒரு நாளைக்குச் சுட்டான். எழுதியவன் எழுதியது நிலைத்தது! கழனியில் நின்ற உழவன் அந்த ஒப்பந்தத்தை வாசித்தானா? வாசிக்கத்தான் தெரியுமா? அந்தக் கும்பினியிலே புதிதாகச் சேரும் இளைஞனுக்கு என்ன பட்டம் தெரியுமோ? 'ரைட்டர்' — எழுதுகிறவன்! 1744-இல் சென்னைக்கு அப்படி எழுதுகிறவனாக வந்தவர்தாம் ராபர்ட் கிளைவ். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது தப்பி வந்து சேர்ந்ததும் இந்தத் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்குத்தான். கணக்கு எழுதத் தெரிந்தவர் நாட்டையே தம் கணக்கிலே எழுதிக்கொண்டனர்.

உள்நாட்டுக் கதை இதைவிடக் கசப்பானது. திண்ணைப் பள்ளியிலே நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் எண்சுவடியும் சொல்லிக்கொடுத்தார்கள். கொள்ளிடக் கரை வயலிலே விளைந்த நெல்லை அளக்க அந்தக் கணக்கு வேண்டும். ஆனால் நெல்லை விளைவித்தவனின் பிள்ளை அந்தத் திண்ணையில் ஏற முடியாது. அளக்கிறவன் எழுதுவான், உழைக்கிறவன் பெருவிரலை நீட்டுவான். நந்தன் தில்லைக்குள் நுழையத் தீயிலே இறங்க வேண்டியிருந்தது என்று பெருமையோடு பாடினார்களே, அந்தச் சிதம்பரத்திலேதான் 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் நிறுவினார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலே 1890-இல் பிறந்து, அந்தச் சமூகத்துக் குழந்தைகளுக்காகப் பள்ளியும் விடுதியும் கண்டு, 1959-இல் மறையும்வரை அந்தப் பணியிலேயே வாழ்ந்தவர். காவியுடுத்தவர்; காவிக்கு நாம் தலைவணங்குவதில்லை. எனினும் அவர் குழந்தைகளின் கையிலே எடுத்துக் கொடுத்தது சிலேட்டுப் பலகை. அந்தப் பலகைக்குத் தலைவணங்குகிறோம். நந்தனை உள்ளே விடத் தீ கேட்டது வைதிகம். நந்தன் வழிவந்தவனை உலகத்துக்குள்ளே விட ஒரு பலகையும் பல்பமும் போதும் என்று காட்டிற்று கல்வி.

அப்படித் திறந்த கதவிலே இன்று காவல் நிற்பது எது? சாதியின் பெயரால் பள்ளிக்குள் வராதே என்று சொல்ல இன்று சட்டம் இடந்தராது. அடிக்கவும் இடந்தராது, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குழந்தையை உடலால் தண்டிப்பதையும் உள்ளத்தால் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. கூரையிலே கயிறு கட்டிக் குழந்தையைத் தொங்கவிட்ட 'கோதண்டம்' ஒழிந்தது. பிரம்பைச் சட்டம் பிடுங்கிவிட்டது. நாக்கை எது பிடுங்குவது? கோணலாய் எழுதிய சிறுவனைப் பார்த்து, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்கிறதே நாக்கு, அது யாருடைய நாக்கு? 1953-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி, பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்திலே பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று கூறி நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் ஆட்சியிலே திட்டம் கைவிடப்பட்டது. ஓர் அரசு முயன்று தோற்ற அந்தத் திட்டத்தை, வகுப்பறையில் வீசப்படும் 'மாடு மேய்க்கப் போ' என்னும் ஒரு சொல், ஒரு குழந்தையின் மட்டில் ஒரே மூச்சிலே நிறைவேற்றிவிடுகிறது! பாட்டனும் தகப்பனும் படித்த வீட்டுப் பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டு மறுநாளும் வருவான். முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை அதை நம்பிவிடுவான். நம்பியவன் வரமாட்டான்.

"திறமை உள்ளவன் எப்படியும் முன்னுக்கு வருவான், கடலூரிலே 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்தானே, ஞானபீடப் பரிசு வரை உயரவில்லையா?" என்று கேட்பார்கள். உயர்ந்தார். பள்ளியை விட்ட பிறகு எங்கே கற்றார்? பொதுவுடைமைக் கட்சி அலுவலகத்திலே, தோழர்கள் நடுவிலே, மதித்துப் பேசியவர்கள் நடுவிலே கற்றார். மதிப்போடு கற்பித்தால் விதை எப்படி மரமாகும் என்பதற்கு அவர் சான்று. துரத்தினால் தழைக்கும் என்பதற்கன்று.

ஆசிரியரைக் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நழுவிவிடுவதும் நேர்மையாகாது. நாற்பது குழந்தைகள், நாற்பது வகைத் தவறு, ஒருவர் கையை ஒருமுறை பிடித்து எழுத வைத்துத் திரும்புவதற்குள் முப்பத்தொன்பது பேர் ஊரைக் கூட்டிவிடுவார்கள். அண்ணாமலை நகரிலே 1929-இல் எழுந்த பல்கலைக் கழகத்தைச் சுட்டிக்காட்டி, சிதம்பரம் கல்விக்கும் பேர் போன ஊர் என்று பெருமை பேசுகிறோம், பேசலாம். ஆனால் அங்கே ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற ஒவ்வொருவரின் விரலையும் என்றோ ஒருநாள் பிடித்து முதல் அகரத்தை எழுத வைத்தவர் யார்? அவர் பெயர் நினைவிருக்கிறதா? கோபுரத்தைக் கட்டியவனுக்குக் கல்வெட்டு. அடித்தளம் தோண்டியவனுக்கு வெறுங்கூலி! கல்லூரிப் பேராசிரியரைக் கண்டால் எழுந்து நிற்கிறோம், முதல் வகுப்பு ஆசிரியரை, "சின்னப் பிள்ளைகளோடு பொழுது போகிறது, என்ன கவலை உங்களுக்கு!" என்று விசாரிக்கிறோம். மதிக்கப்படாதவர் மற்றவரை மதிக்கக் கற்பிப்பது கடினம். குழந்தைக்குக் கேட்கும் நீதியை அந்த ஆசிரியருக்கும் கேட்கிறோம்.

அவர் கைக்கொள்ள வேண்டிய முறை புதிதன்று. நம் மண்ணிலேயே, நம் மணலிலேயே இருக்கிறது. 1787-இல் சென்னைக்கு வந்து எழும்பூரிலே படைவீரர் பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துக்காரர், நம் பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதுவதைக் கண்டு வியந்து, அதையே தம் பள்ளியிலும் புகுத்தினார். முன்னே கற்றவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அதனோடு இணைத்து, 1797-இல் நூலாக எழுதி வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரிலே அது இங்கிலாந்துப் பள்ளிகளிலே பரவிற்று. வெள்ளைக்காரன் வியந்தான் என்பதற்காகச் சொல்லவில்லை. மணலின் பெருமை எதிலே என்று பாருங்கள். ஓலையிலே எழுத்தாணியால் கீறிய தவறு நிற்கும். மணலிலே செய்த தவறு ஒரு தடவலிலே மறையும். ஏமாற்றமில்லை, ஏளனமில்லை, சான்றுமில்லை. மறுபடி எழுது என்று மட்டுமே சொல்லும் மணல். தேவனாம்பட்டினத்துக் கடற்கரையைவிடப் பெரிய சிலேட்டு எங்கே உண்டு? மீனவச் சிறுவன் எத்தனை முறை தவறினாலும் அலை வந்து அழித்துவிட்டுப் புதுப் பலகை கொடுத்துவிட்டுப் போகும். ஒருநாளும் அவன் தலையிலே குட்டியதில்லை! கற்பிப்பவர் நெஞ்சம் அந்த மணலைப் போல் இருக்க வேண்டும். தவறை வாங்கிக்கொள்ள வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது.

கண்டிப்பே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். வழக்கத்திலுள்ள எழுத்தைக் கற்பித்தே ஆக வேண்டும்; ஆளுக்கொரு கொம்பு நட்டால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாது. ஆனால் உண்மையைச் சொல்லிக் கற்பிக்க வேண்டும். ககரத்துக்குப் பின்னே கொம்பு போட்ட சிறுவனிடம், "நீ கேட்டபடி எழுதினாய், யோசித்து எழுதினாய். ஆனால் நாம் எல்லோரும் கொம்பை முன்னே போடுவதென்று பழகிவிட்டோம், வா, நீயும் அப்படிப் பழகு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு வாக்கியந்தான். அறிவு வேறு, வழக்கம் வேறு என்பதை அந்தக் குழந்தை ஐந்து வயதிலேயே கற்றுவிடும். அதை அறுபது வயதிலும் கற்காதவர்களால் அல்லவா இந்த நாட்டிலே இத்தனை தொல்லை! "அப்படித்தான், கேள்வி கேட்காதே" என்று அதட்டி வளர்த்த குழந்தை, எழுத்தை மட்டுமா அப்படி ஏற்கும்? சாதியையும் அப்படித்தான் ஏற்கும். சடங்கையும் அப்படித்தான் ஏற்கும். மூடநம்பிக்கையின் அரிச்சுவடி அந்த அதட்டலிலேதான் தொடங்குகிறது.

சிதம்பரத்திலே 1965 சனவரி 27-ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்த மாணவர் கூட்டத்தின்மீது துப்பாக்கி சுட்டது. அண்ணாமலைப் பல்கலைக் கழக மாணவர் இராசேந்திரன் மாண்டார். தமிழுக்காக உயிரையே தந்த இளைஞர் நடந்த தெரு அது. அந்த ஊரிலே, அந்த நாட்டிலே, ஒரு குழந்தை தமிழெழுத்தைக் கண்டு அஞ்சி அழலாமா? பிறமொழியைத் திணிக்காதே என்று கேட்ட நாம், தாய்மொழியை மட்டும் பிரம்பாலும் ஏளனத்தாலும் திணிக்கலாமா? திணிப்பு எந்த மொழியிலே வந்தாலும் திணிப்புதான்.

இளைஞர்களே! மன்றங்கள் அமைக்கிறீர்கள், படிப்பகங்கள் நடத்துகிறீர்கள். அந்தப் படிப்பகத்தின் ஓர் ஓரத்திலே மாலையில் ஒரு நாழிகை ஒதுக்குங்கள். தெருவிலே எழுத்துக்கு அஞ்சி ஒதுங்கும் குழந்தை ஒன்று நிச்சயம் இருக்கும். மேசைக்குப் பின்னே உட்காராமல் தரையிலே உட்காருங்கள். அந்தக் குழந்தை ஐந்து சுழி போட்டால், அதைப் பார்த்துச் சிரிக்காமல் அதனோடு சேர்ந்து சிரியுங்கள். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு கதவைச் சாத்தும். குழந்தையோடு சிரிக்கும் சிரிப்பு கதவைத் திறக்கும். பிறகு, ஏன் இப்படி எழுதினாய் என்று கேளுங்கள். அதட்டலாய் அன்று, அறிய விரும்பும் ஆவலாய்க் கேளுங்கள். அது சொல்லும் விடையிலே, அடுத்த எழுத்துச் சீர்திருத்தத்தின் முதல் வரி இருந்தாலும் இருக்கும்.

குழந்தைக்காகத்தான் எழுத்து.